என்டர், டில்டா, புள்ளி: தூரத்துக் கணினியிலிருந்து வெளியே வரும் வழி

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்று அடிக்கத் தொடங்கி, இரண்டே எழுத்து போனதும் மறுமுனை படுத்துவிட்ட கதை பலருக்கும் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செப்டம்பர் 25 தேதியிட்ட ஆர்எஃப்சி 15 என்ற குறிப்பில், யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் கார், தூரத்துக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய ஒரு நிரல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். நிரலின் பெயர் டெல்நெட். அவர் காட்டிய மாதிரி உரையாடலில் அந்த நிரல் முதன்முதலில் சொல்வது: ‘எஸ்கேப் கேரக்டர் இஸ் #’, அதாவது தூரத்துக் கணினியை விட்டு என்னிடம் பேச வேண்டுமென்றால் # அடி. ‘கனெக்ட் டு எஸ்ஆர்ஐ’ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இணைக்க ஒரு நெட்வொர்க்கே இல்லாத காலத்தில், வெளியே வரும் வழியை முதலில் யோசித்திருக்கிறார்கள்.

அந்த உதாரணத்தில் # வெளியேறுவதற்கு மட்டுமான குறி அல்ல. ஸ்டான்ஃபோர்ட் கணினியில் ஓடும் கணக்கு நிரல் ஒன்று, நெட்வொர்க்கிலிருந்து ஒரு கோப்பு வரும் என்று காத்திருக்கிறது. பயனர் # போட்டு ஒரு வரி அடிக்கிறார். அந்த வரி ஸ்டான்ஃபோர்டுக்குப் போவதில்லை. யூட்டாவில் இருக்கும் டெல்நெட் அதை வழியிலேயே பிடித்துக்கொண்டு, தன் வட்டில் இருக்கும் கோப்பை எடுத்து மறுமுனைக்கு அனுப்புகிறது. ஒரே கீபோர்டில் அடிக்கும் எழுத்துகளில் எது தூரத்துக் கணினிக்கு, எது நடுவில் நிற்கும் நிரலுக்கு என்று பிரிக்க வேண்டிய தேவை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. இன்றைய டெல்நெட்டும் இணைந்ததும் இதே வாசகத்தைத்தான் சொல்கிறது, # இருந்த இடத்தில் ^] வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை ஏன் வேண்டும்? நம் கணினியிலேயே ஓடும் ஒரு நிரலை நிறுத்த வேண்டுமென்றால் கண்ட்ரோல்-சி போதும். இயங்குதளம் அதைப் பார்த்துவிட்டு நிரலைக் கொல்கிறது. ஆனால் டெல்நெட்டோ, அதே வேலையை இன்று பாதுகாப்பாகச் செய்யும் எஸ்எஸ்ஹெச்சோ ஓடும்போது கண்ட்ரோல்-சி தூரத்தில் ஓடும் நிரலைத்தான் நிறுத்த வேண்டும்; உள்ளூர் டெல்நெட்டைக் கொன்றுவிடக் கூடாது. அதனால் இவை தொடங்கியதும் டெர்மினலை ‘ரா’ நிலைக்கு மாற்றி, எந்தச் சாவிக்கும் உள்ளூரில் அர்த்தம் இல்லாமல் செய்துவிடுகின்றன. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இசட், கண்ட்ரோல்-டி எல்லாம் வெறும் பைட்டுகளாகக் கம்பியில் போகின்றன. சரிதான், ஆனால் மறுமுனை செத்துவிட்டால்? அடிப்பதெல்லாம் செத்த இடத்துக்குப் போகும், பதில் வராது, நிரலும் நகராது. உள்ளூர் நிரலின் காதில் விழும்படி ஏதாவது ஒன்றை ஒதுக்கிவைத்தே ஆக வேண்டும்.

எதை ஒதுக்குவது என்பதில்தான் ஐம்பது ஆண்டு வரலாறும் இருக்கிறது. எந்த எழுத்தை ஒதுக்கினாலும் அது என்றாவது ஒருநாள் தரவாகவும் வரும். இந்தச் சிக்கலை மூன்று விதமாகச் சமாளித்தார்கள்: அபூர்வமான எழுத்தாகப் பார்த்து எடுப்பது, வரியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்தால் மட்டும் மதிப்பது, எழுத்துக்கு முன்னும் பின்னும் மௌனத்தைக் கேட்பது. என் பார்வையில் இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் முதலாவதுதான் முதலில் வந்தது.

அபூர்வ எழுத்துக்கு அடிதடி

அறுபதுகளின் கடைசியில் பெரும்பாலானோர் முன்னால் இருந்தது டெலிடைப் மாடல் 33. பெரிய எழுத்துகள் மட்டும், குறிகளும் கொஞ்சம்தான். அதில் யாரும் சாதாரணமாகப் பயன்படுத்தாத குறி என்று தேடினால் #, @ போல இரண்டு மூன்று தேறும். எல்லோர் கண்ணும் அதிலேயே விழுந்தது. மல்டிக்ஸ் என்ற அன்றைய இயங்குதளத்தில் # என்றால் முந்தைய எழுத்தை அழி, @ என்றால் முழு வரியையும் அழி. ஆரம்பகால யுனிக்ஸும் அதையே எடுத்துக்கொண்டது.

1971இல் பிபிஎன் நிறுவனம் ‘டிப்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சொந்தக் கணினி இல்லாத இடங்களில்கூட 63 டெர்மினல்கள் வரை நேராக அர்பாநெட்டில் மாட்டலாம். அந்தப் பெட்டிக்கு இடும் கட்டளைகள் எல்லாம் @ போட்டுத் தொடங்கும். தரவாக ஒரு @ போக வேண்டுமென்றால் @@ என்று இரண்டு அடிக்க வேண்டும். அதே 1971இல், அதே பிபிஎன்னில், ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் பயனர் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் நடுவில் வைக்கத் தேர்ந்தெடுத்த குறியும் @ தான். டிப் வழியாக வந்தவர் முகவரி அடிக்கும்போதெல்லாம் இரட்டையாக அடிக்க வேண்டியிருந்தது. மல்டிக்ஸ்காரர் நிலைமை இன்னும் மோசம்: முகவரியின் நடுவில் @ அடித்ததும் அதுவரை அடித்த வரி முழுக்கப் போய்விடும். 1977இல் வந்த ஆர்எஃப்சி 733, @ இருக்க வேண்டிய இடத்தில் ‘அட்’ என்ற சொல்லையும் அனுமதித்ததற்கு இப்படியொரு பின்னணி உண்டு.

அச்சு எழுத்துகளில் இடம் இல்லை என்றானதும் கண்ட்ரோல் எழுத்துகள் பக்கம் திரும்பினார்கள். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் ] என்பது 93. கண்ட்ரோல் சாவி அதிலிருந்து 64ஐக் கழித்து 29 ஆக்குகிறது. 28 முதல் 31 வரையிலான நான்கும் தரவுக் கோப்புகளில் பகுதிகளைப் பிரிக்க ஒதுக்கப்பட்டவை. நடைமுறையில் பெரும்பாலோர் சீண்டாதவை. அதனால் டெல்நெட் 29ஐ எடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் பிறந்த, கணினிகளை இணைத்துக் கோப்பு அனுப்பும் கெர்மிட் நிரலின் யுனிக்ஸ் வடிவம் 28ஐ, அதாவது கண்ட்ரோல்-\ ஐ எடுத்தது. ரௌட்டர் செய்யும் சிஸ்கோ 30ஐ எடுத்தது. நெட்வொர்க்கிங் கோர்ஸ் படித்த யாரிடமும் ‘கண்ட்ரோல்-ஷிஃப்ட்-6’ என்று சொல்லிப்பாருங்கள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ரௌட்டரில் கட்டளையைத் தப்பாக அடித்தால் அது அந்தச் சொல்லை ஏதோ கணினியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, ‘டிரான்ஸ்லேட்டிங்’ என்று தேடக் கிளம்பிவிடும். அதை நிறுத்தவும் அதே சாவிகள்தான். ஷிஃப்ட் எதற்கு என்றால், 6இன் தலையில் இருக்கும் ^ குறிக்காக.

யாரும் சீண்டாத நிலம் என்று நினைத்தது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. விம் என்ற எடிட்டரில் கண்ட்ரோல்-] அடித்தால் கர்சர் நிற்கும் பெயரின் வரையறைக்குத் தாவும், அதன் உதவிப் பக்கங்களில் நடமாடுவதே அந்தச் சாவியால்தான். டெல்நெட் வழியாக விம் திறந்து உதவிப் பக்கத்தில் ஒரு லிங்கின் மேல் நின்று கண்ட்ரோல்-] அடித்தவருக்கு அடுத்த பக்கம் வராது, ‘டெல்நெட்>’ என்ற பிராம்ப்ட் வந்து நிற்கும். கண்ட்ரோல்-\ யுனிக்ஸில் நிரலைக் கொன்று அதன் நினைவகத்தைக் கோப்பாகத் தள்ளும் சாவி. ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் அதுவே உள்ளீட்டு முறையை மாற்றும் சாவி. ஈமாக்ஸில் தமிழ் தட்டச்சு செய்கிறவர்கள் நிமிடத்துக்கு ஒருதரம் அடிப்பது. கெர்மிட்டுக்குள் ஈமாக்ஸ் ஓடினால் தமிழுக்கு மாற முடியாது.

‘^]’ என்று எழுதும் வழக்கத்தால் வந்த தொல்லை வேறு. தொப்பிக் குறி கண்ட்ரோலைக் குறிக்கிறது என்பது தெரியாதவர்கள் ^ ஒருமுறை, ] ஒருமுறை என்று தனித்தனியாக அடித்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று டெர்மினல் ஜன்னலையே மூடிவிடுவார்கள். ஜெர்மன் கீபோர்டில் ] இருப்பதே ஆல்ட்-ஜிஆர் சாவியோடு 9இல், அதோடு கண்ட்ரோலும் சேர வேண்டும். அங்கே கைகொடுப்பது விடி220 டெர்மினல் விட்டுப்போன ஒரு பழக்கம்: கண்ட்ரோல்-5 அடித்தாலும் 29 தான் போகும். எக்ஸ்டெர்ம் போன்ற டெர்மினல் நிரல்கள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கின்றன.

வரியின் தொடக்கம்

1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘சியு’ என்றொரு சின்ன நிரல் இருந்தது. ‘கால் யுனிக்ஸ்’ என்பதன் சுருக்கம். போன் வழியாக இன்னொரு கணினியைக் கூப்பிட்டுப் பேசும். அதன் எஸ்கேப் எழுத்து டில்டா, ~. மாடல் 33இல் இல்லாத குறி. சிறிய எழுத்துகளும் உள்ள புது டெர்மினல்கள் வந்த பிறகே எல்லோர் கைக்கும் கிடைத்தது. ஆனால் சியுவின் கெட்டிக்காரத்தனம் எழுத்தைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. வரியின் முதல் எழுத்தாக வந்தால் மட்டுமே ~ கட்டளை; நடுவில் வந்தால் சாதாரண எழுத்து. ~ அடித்துப் புள்ளி வைத்தால் இணைப்பு அறும். ~ அடித்து ! வைத்தால் உள்ளூர் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், திறக்கும். ~~ என்று தொடங்கினால் ஒரு ~ மட்டும் மறுமுனைக்குப் போகும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பெர்க்லியின் சி-ஷெல் தன் வீட்டு டைரக்டரியைக் குறிக்க ~ஐ எடுத்துக்கொண்டது. ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ‘ஹோம்’ என்ற சொல்லும் ~ குறியும் ஒரே சாவியில் இருந்தன. இப்படி ஒரே குறிக்கு இரண்டு முதலாளிகள் வந்தும் சண்டை வரவில்லை. ‘சிடி ~’ என்று அடிக்கும்போது ~ வரியின் நடுவில்தான் வருகிறது. இடத்தைப் பார்க்கும் விதி இல்லாதிருந்தால் யுனிக்ஸ் உலகில் யாராலும் டில்டாவோடு குடும்பம் நடத்தியிருக்க முடியாது.

சியுவில் இன்னொரு பகுதி உண்டு. அதை நினைத்தால் இன்றைக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கீபோர்டிலிருந்து வரும் ~ மட்டுமல்ல, மறுமுனையிலிருந்து வந்த வரி ~> என்று தொடங்கினாலும் சியு அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: இனி வருவதைத் திரையில் காட்டாதே, இந்தப் பெயரில் கோப்பாக எழுது. தூரத்திலிருந்து ஒரு கோப்பை எடுத்து வரும் வசதியே இதன்மேல்தான் நின்றது. சியு மறுமுனை ஷெல்லிடம் ‘எக்கோ’ வழியாக ~> வரியை அச்சிடச் சொல்லும், பிறகு ‘கேட்’ வழியாகக் கோப்பைக் கொட்டச் சொல்லும், கடைசியில் இன்னொரு ~> வரி. மறுமுனையில் தனியாக எந்த நிரலும் வேண்டாம். அழகான வேலைதான். ஆனால் யாரோ அனுப்பிய கடிதத்தை அந்தப் பக்கம் திறந்து படிக்கும்போது அதில் ஒரு வரி ~> என்று தொடங்கினால், நம் வட்டில் அவர் சொன்ன பெயரில் ஒரு கோப்பு உருவாகிவிடும்.

இந்த வகை ஓட்டை அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. சியுவின் பாணியேதான் பெர்க்லியில் 1978இல் கர்ட் ஷோன்ஸ் எழுதிய ‘மெயில்’ நிரலிலும் இருந்தது: கடிதம் அடிக்கும்போது வரித் தொடக்கத்தில் ~! போட்டால் ஷெல் கட்டளை ஓடும். அந்த மரபைச் சுமந்த மெயில் நிரல் ஒன்று இன்றும் பல லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது. சர்வரில் அத்துமீறி நுழையப் பார்க்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற மென்பொருள், அப்படித் தடுத்த முகவரி யாருடையது என்ற ‘ஹூஇஸ்’ தகவலை எடுத்து, அதை அப்படியே மெயில் நிரலுக்கு ஊட்டி நிர்வாகிக்கு அனுப்பும் வசதி வைத்திருந்தது. அந்தத் தகவலில் ~! என்று தொடங்கும் வரியை யாராவது நுழைத்துவிட்டால் நிர்வாகியின் சர்வரில் அது கட்டளையாக ஓடும். இது பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவானது 2021இல். கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக வைத்த கதவை, குழாய் வழியாக வந்த யாரோ ஒருவரின் எழுத்து திறந்துவிட்டது.

மௌனம் கேட்ட மோடம்

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவர்கள், போன் கம்பி வழியாகக் கணினிகளைப் பேசவைக்கும் மோடம்காரர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் நடத்திய நிறுவனம் 1981இல் ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. கணினியிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான். இணைப்பு இல்லாதபோது அதில் வருவது மோடத்துக்கான கட்டளை. இணைப்பு வந்துவிட்டால் அதில் வருவதெல்லாம் தரவு. தரவின் நடுவில் மோடத்தை எப்படிக் கூப்பிடுவது? ஹெதரிங்டனின் பதில் +++. அதோடு ஒரு நிபந்தனை: அந்த மூன்று கூட்டல் குறிக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி எதுவும் வரக் கூடாது. ஒரு கோப்பின் நடுவில் +++ இருந்தால் அதைச் சுற்றி எழுத்துகள் நெரித்துக்கொண்டு வரும். விநாடி நேர மௌனம் இருக்காது. மனிதர் கைநிறுத்தி அடித்தால்தான் இருக்கும். அந்த மௌனத்தின் நீளம் எஸ்12 என்ற ரெஜிஸ்டரில், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக் கணக்கில் இருந்தது. எந்த எழுத்து என்பது எஸ்2இல். நம் ஊரில் 1995 ஆகஸ்டில் விஎஸ்என்எல் இணையம் தந்தபோது, எழுத்து மட்டும் காட்டும் ஷெல் கணக்கில் பழகியவர்கள் இதையெல்லாம் கைப்பட அடித்தவர்கள்தான்.

இந்த மௌனத்துக்கு ஹேய்ஸ் 1985இல் காப்புரிமை வாங்கியது. மற்ற மோடம் கம்பெனிகளிடம் ராயல்டி கேட்டது. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், 1992இல் மேல்முறையீட்டிலும் ஹேய்ஸ்தான் ஜெயித்தது. ராயல்டி தர மனமில்லாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: மௌனமே வேண்டாம், +++ வந்து உடனே ஏடி என்று தொடங்கும் ஒரு முறையான கட்டளை வந்தால் போதும். காசு மிச்சமானது. ஹேய்ஸ் தரப்பு அப்போதே எச்சரித்தது: இப்படிப்பட்ட மோடத்தில் ஒரு கோப்பை அனுப்பும்போது அதற்குள் ‘+++ஏடிஹெச்’ என்று எழுதியிருந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

போட்டியாளர் பேச்சு என்று ஒதுக்கியதை தொண்ணூறுகளின் கடைசியில் விளையாட்டுப் பையன்கள் நிரூபித்தார்கள். மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் அனுப்பும் பாக்கெட்டுக்குள் விரும்பிய எழுத்துகளை வைக்கலாம். வாங்கிய கணினி அதே எழுத்துகளைத் திருப்பி அனுப்பும். பிங்குக்குள் ‘+++ஏடிஹெச்0’ என்று வைத்து அனுப்பினால், அது உள்ளே வரும்போது மோடம் கண்டுகொள்ளாது. அந்தத் திசையில் வருவது வெறும் தரவு. ஆனால் பதில் சொல்ல அந்தக் கணினி அதே எழுத்துகளைத் தன் மோடத்துக்குத் தரும்போது, மோடம் அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கணினி உலகில் எனக்குத் தெரியாது. எஸ்2இல் 255 என்று போட்டு எஸ்கேப் எழுத்தையே அணைத்துவிடுவது அன்றைய மருந்து.

நடுவில் நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு குறி இருந்தால் கோப்பு அனுப்பும் நெறிமுறை எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான். 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடத்தின் விவரக் குறிப்பில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது: என்டருக்கான பைட் தனியாக வந்தால் அப்படியே போகலாம், ஆனால் அதற்கு முந்தைய பைட் @ ஆக இருந்தால் என்டரை மாற்றிக் குறித்து அனுப்ப வேண்டும். காரணம் டெலிநெட் (டெல்நெட் வேறு) என்ற வணிக நெட்வொர்க். அதன் எஸ்கேப் தொடர் என்டர், @, என்டர். இசட்மோடம் உருவாகப் பணம் தந்ததும் டெலிநெட்தான். அந்த நெட்வொர்க் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆனாலும், இசட்மோடம் நிரல்களில் அந்த @ சோதனை இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஆர்லாகினிலிருந்து எஸ்எஸ்ஹெச்சுக்கு

1983இல் பெர்க்லி யுனிக்ஸின் 4.2பிஎஸ்டி பதிப்போடு வந்த, தூரத்து யுனிக்ஸுக்குள் நுழைய உதவும் ஆர்லாகின், சியுவின் டில்டாவை அப்படியே எடுத்துக்கொண்டது. யுனிக்ஸ் பெட்டியிலிருந்து யுனிக்ஸ் பெட்டிக்குத் தாவுகிறவர்களின் விரல்களில் ~. என்பது அப்போதே படிந்துவிட்டது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடிய ஒரு தாக்குதலுக்குப் பிறகு, டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். ஆர்லாகின் இருந்த இடத்தில் இதை வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்பது நோக்கம். அதனால் டில்டாவும் கூடவே வந்தது. உள்ளே ஓடும் குறியாக்கம் முழுக்கப் புதிது. வெளியே தொங்கும் சாவி மட்டும் 1979இன் சாவி.

எஸ்எஸ்ஹெச் அதை எப்படிப் படிக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நிரல் தன் நினைவில் ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொள்கிறது: கடைசியாக அனுப்பிய எழுத்து என்டரா, இல்லையா. ஆமாம் என்றால், அடுத்து வரும் ~ஐ அனுப்பாமல் கையில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வரித் தொடக்கத்தில் ~ அடித்ததும் திரையில் ஒன்றும் தெரிவதில்லை; அடுத்த சாவி அடித்த பிறகே தெரியும். அடுத்து வந்தது புள்ளி என்றால் இணைப்பை அறுக்கும். கண்ட்ரோல்-இசட் என்றால் உள்ளூரில் ஓரமாக உட்காரும். கேள்விக்குறி என்றால் பட்டியல் தரும். தனக்குத் தெரியாத எழுத்து என்றால் பிடித்துவைத்த ~ஐயும் அந்த எழுத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘வரித் தொடக்கம்’ என்று நிரல் நினைப்பதும் நாம் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. ஒரு எழுத்தை அடித்துப் பின்சாவியால் அழித்துவிட்டு ~. அடித்தால் திரையில் அது வரித் தொடக்கம்போலத்தான் தெரியும். எஸ்எஸ்ஹெச்சுக்கோ கடைசியாகப் போனது பின்சாவி, என்டர் இல்லை. எனவே ~. மறுமுனைக்குப் போய்விடும். உறைந்துபோன ஜன்னலில் பதற்றத்தோடு கண்ட்ரோல்-சியைப் பத்துத் தடவை அடித்துவிட்டு ~. அடிக்கிறவர்களுக்கு அது வேலை செய்யாததும் இதனால்தான். முதலில் என்டர். பிறகு டில்டா. பிறகு புள்ளி.

இடத்தைப் பார்க்கும் விதியின் முழு லாபமும் அடுக்கடுக்காகப் போகும்போதுதான் தெரியும். லேப்டாப்பிலிருந்து ஜம்ப் சர்வர் (மற்ற சர்வர்களுக்குப் போக முதலில் நுழையும் கணினி), அங்கிருந்து இன்னொரு சர்வர், அங்கிருந்து மூன்றாவது. மூன்று எஸ்எஸ்ஹெச் நிரல்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசி இணைப்பை மட்டும் அறுக்க ~~~. என்று அடிக்க வேண்டும். முதல் நிரல் முதல் ~ஐப் பிடிக்கிறது; அடுத்ததும் ~ என்பதால் ஒன்றை அனுப்புகிறது. இப்போது கடைசியாகப் போனது என்டர் இல்லை, எனவே மூன்றாவது ~ஐயும் புள்ளியையும் தொடாமல் விடுகிறது. இரண்டாவது நிரலுக்கு வந்து சேர்வது ~~. அதுவும் ஒன்றைத் தின்று ~. என்று அனுப்புகிறது. மூன்றாவது நிரல் அறுத்துக்கொள்கிறது. எத்தனை அடுக்கோ அத்தனை டில்டா.

இதையே டிப்பின் @@ முறையில் போட்டுப் பாருங்கள். எங்கே வந்தாலும் @ விசேஷம். இரண்டு போட்டால் ஒன்று போகும். மூன்றாவது அடுக்குக்கு ஒரு @ போய்ச் சேர 4 அடிக்க வேண்டும், நான்காவதற்கு 8, ஐந்தாவதற்கு 16. மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி வைத்து ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு இந்தப் பெருக்கம் பழக்கமானது. டில்டாவில் அது கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. சியுவை எழுதியபோது இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நல்ல விதி வைத்ததன் உபரி லாபம்.

அடுக்கில் வேறு நிரல் கலந்தாலும் அதே கதைதான். சர்வரின் தாய்ப்பலகையில் இருக்கும் கண்காணிப்புச் சிப்புடன் பேசும் ஐபிஎம்ஐடூலின் கன்சோலுக்கும் எஸ்கேப் ~. தான். ஜம்ப் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, அங்கே ஐபிஎம்ஐடூலை ஓட்டி, கன்சோலிலிருந்து வெளியே வர ~. அடித்தால் எஸ்எஸ்ஹெச்சே அறுந்துபோகும். கன்சோல் அமர்வு அந்தப் பக்கம் திறந்தபடி கிடந்து, அடுத்து வருகிறவரை ‘ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்’ என்று தடுக்கும். இரவு இரண்டு மணிக்கு டேட்டா சென்டர் வேலை பார்த்தவர்கள் இதற்குக் கெட்ட வார்த்தையே கண்டுபிடித்திருப்பார்கள். ~~. என்று அடிக்கலாம், இல்லையென்றால் ஜம்ப் சர்வருக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் ‘எஸ்கேப்கேர்’ என்ற வரியில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தே இல்லாத எஸ்கேப் ஒன்றும் இருந்தது. சீரியல் கம்பியில் ‘பிரேக்’ என்பது எழுத்து அல்ல. ஒரு எழுத்துக்கான நேரத்தைவிட அதிகமாகக் கம்பியை ஒரே நிலையில் பிடித்துவைப்பது. எந்தத் தரவும் அப்படி இருக்க முடியாது என்பதால் இதைவிடத் தெளிவான குறி கிடையாது. சன் நிறுவனத்தின் சர்வர்கள் கன்சோலில் பிரேக் வந்தால் அப்படியே உறைந்து, ‘ஓகே’ என்ற அடிநிலைப் பிராம்ப்டுக்குப் போய்விடும். ஆனால் கன்சோல்கள் மாட்டியிருந்த டெர்மினல் சர்வரை அணைத்தாலும் கம்பி அதே நிலைக்குப் போகும். ஒரு பெட்டியை அணைத்ததற்கு அதில் மாட்டிய சர்வர்கள் எல்லாம் நின்றுபோன சம்பவங்களுக்குப் பிறகு, சன்னின் சோலாரிஸ் இயங்குதளத்தில் மாற்று வழி ஒன்று கொடுத்தார்கள்: என்டர், டில்டா, கண்ட்ரோல்-பி (ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து). எழுத்தே வேண்டாம் என்று போனவர்களும் கடைசியில் டில்டாவிடம்தான் வந்தார்கள்.

எஸ்எஸ்ஹெச் நெறிமுறையில் கட்டளைக்கும் தரவுக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறது. ஜன்னல் அளவு மாறினால், பிரேக் அனுப்பினால், அவை தனிச் செய்திகளாகப் போகின்றன. தரவோடு கலப்பதே இல்லை. டெல்நெட்டிலும் 255 என்ற பைட் போட்டுக் கட்டளையைப் பிரிக்கும் ஏற்பாடு உண்டு. நெட்வொர்க்குக்குள் இந்தச் சிக்கல் இப்படித் தீர்ந்துவிட்டது. தீராத இடம் மனிதர் விரலிலிருந்து உள்ளூர் நிரல் வரையிலான அரை மீட்டர். கீபோர்டு இன்னும் ஒரே குழாய். புட்டி போன்ற ஜன்னல் நிரல்களில் மெனு இருக்கிறது, மவுஸ் இரண்டாவது குழாயாகிறது, அதனால் எஸ்கேப் எழுத்து இல்லாமலே ஓட்ட முடிகிறது. டெர்மினலுக்குள் ஓடும் எதற்கும் அந்த வசதி இல்லை.

அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு நிரலும் பழைய சண்டையை முதலிலிருந்து போடுகிறது. ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்துக்கொள்ள உதவும் ஸ்கிரீன் கண்ட்ரோல்-ஏவை எடுத்தது; ஷெல்லில் அது வரியின் தொடக்கத்துக்குப் போகும் சாவி. அதே வேலை செய்யும் டிமக்ஸின் முதல் வடிவம் ஸ்கிரீனுக்குள் இருந்துகொண்டே எழுதப்பட்டது, அதனால் மோதாமல் இருக்கக் கண்ட்ரோல்-பி, இதுவும் இரண்டாவது எழுத்துதான். தூரத்துக் கணினிக்குள் நுழைய 2012இல் வந்த மோஷ் சிஸ்கோவின் அதே 30ஐ எடுத்தது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளுக்குள் ஓட்டும் டாக்கரின் தேர்வுதான் எனக்கு விளங்காத ஒன்று: கன்டெய்னரிலிருந்து கழன்றுகொள்ள கண்ட்ரோல்-பி, கண்ட்ரோல்-க்யூ, இங்கே வரும் பி ஆங்கில அகரவரிசையின் பதினாறாவது எழுத்து. ஷெல்லில் முந்தைய கட்டளையை வரவழைக்கப் பலர் அடிக்கும் சாவி அதேதான். டாக்கருக்குள் அதை ஒருமுறை அடித்தால் ஒன்றும் நடக்காது, இரண்டாம் முறைதான் நடக்கும். டாக்கர் முதலாவதைக் கையில் பிடித்துக்கொண்டு க்யூ வருகிறதா என்று காத்திருக்கிறது. 2016இல் சாவியை மாற்றிக்கொள்ளும் வசதி தந்தார்கள். முன்னிருப்புச் சாவி மட்டும் மாறவில்லை.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் டில்டாவின் கடைசிப் பெரிய மாற்றம் 2023 பிப்ரவரியில், 9.2 பதிப்பில் வந்தது. ~ அடித்துப் பெரிய எழுத்து சி அடித்தால் எஸ்எஸ்ஹெச்சுக்கே ஒரு கட்டளை வரி திறக்கும்; ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை அறுக்காமலே புதிதாகப் போர்ட் திருப்பலாம். பலருக்குத் தெரியாத, தெரிந்தவர்கள் விட மாட்டாத வசதி. அதை இப்போது முன்னிருப்பாக அணைத்துவைத்திருக்கிறார்கள். காரணம் டில்டா மோதல் எதுவும் இல்லை. பயனர் எந்த நேரத்தில் புதுப் போர்ட் கேட்பார் என்று தெரியாததால், எஸ்எஸ்ஹெச் நிரலை இறுக்கமான கூண்டுக்குள் அடைக்க முடியாமல் இருந்தது. வசதியை அணைத்தால் ஓப்பன்பிஎஸ்டியில் கூண்டை இன்னும் சிறிதாக்கலாம். இப்போது அதை அடித்தால் கட்டளை வரி முடக்கப்பட்டிருக்கிறது என்ற பதில்தான் வரும். வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் ‘எனேபிள்எஸ்கேப்கமாண்ட்லைன் எஸ்’ என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். புள்ளியில் கை வைக்கவில்லை.